மலையில் கூலி, அடிவாரத்தில் அட்டை: கொரோனா உதவியில் விடுபட்ட சகோதரிக்கு

தேனி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து 47 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

18 வருடமாக ஒரே ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். விடிகாலை 5 மணிக்கு ஜீப், போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் சாந்தன்பாறைப் பக்கம், பொழுது சாயும் நேரத்தில் திரும்ப வீடு. களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு என்று வருடம் முழுக்க வேலை. வாரக் கூலி கங்காணி கையால் வரும். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து சோதனைச்சாவடிகளை அடைத்ததும் வேலை நின்றது. பாஸ் கிடைக்கவில்லை. அக்டோபரில்தான் மறுபடி மலையேறினார். அந்த ஏழு மாதத்தில் எந்த அரசிடமிருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை என்கிறார். கேரளத்தில் கேட்டதற்கு “நிங்கள் தமிழ்நாடு” என்றார்களாம். இங்கே ரேஷன் கடையில் “உங்க கார்டுக்கு இல்லை” என்றார்களாம். ஜன்தன் பணம் 500 ரூபாய் பக்கத்து வீட்டுக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. கணவர் பெயிண்டர். “சங்கத்தில் கார்டு இருந்தும்” கட்டட வாரியப் பணம் வரவில்லை.

இப்போது ஒருவர் இ-ஷ்ரம் அட்டை எடுத்தால் அன்றைக்கு விடுபட்ட பணம் மொத்தமாக வரும் என்று சொல்லி 300 ரூபாயும் கைரேகையும் கேட்கிறாராம். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையோ, “ஊரடங்கில் நின்னுட்டு வந்தீங்க, நீங்க 2020லேர்ந்து புது ஆள்” என்கிறாராம். கேள்விகள் இவை: அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வாங்க முடியுமா? எங்கள் பங்கை யாராவது எடுத்துக்கொண்டார்களா? இ-ஷ்ரம் எடுக்கலாமா? கடிதத்தின் கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே, ஒன்றைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: “என் கொழுந்தனார் 2021 மே மாசம் கொரோனாவில் தவறிட்டார், ஓரகத்தியும் பையனும் எங்ககூடத்தான் இருக்காங்க.”

சகோதரி, அந்தக் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

விட்டுப்போன பணம் திரும்ப வருமா?

வராது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி உங்களை அலையவிட எனக்கு மனமில்லை. காரணம் தெரிந்தால் ஆற்றாமை கொஞ்சம் குறையும், அடுத்த முறை விடுபடாமலும் இருக்கலாம்.

அந்த உதவிகள் எதுவும் வேலை இழந்ததற்கான ஈட்டுத்தொகை இல்லை. யாருக்கு எவ்வளவு கூலி போனது என்று எந்த அரசும் கணக்கெடுக்கவில்லை. கையில் ஏற்கெனவே எந்தப் பட்டியல் இருந்ததோ, அந்தப் பட்டியலில் அன்றைய தேதியில் யார் பெயர் இருந்ததோ அவர்களுக்குப் போனது, அவ்வளவுதான். நீங்கள் கூலி வாங்குவது ஒரு மாநிலம், தூங்குவது இன்னொரு மாநிலம். கேரளம் ‘அதிதித் தொழிலாளி’, அதாவது விருந்தினர் தொழிலாளி, என்று சொல்லி முகாமும் சாப்பாடும் கொடுத்தது அங்கே தங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு. அங்கே ஆயிரம் ரூபாய் போனது, அந்த மாநில ரேஷன் அட்டை வைத்திருந்து ஓய்வூதியம் எதுவும் வராத ஏழைக் குடும்பங்களுக்கு. தினமும் போய்த் திரும்பும் ஆளுக்கு இரண்டிலும் இடமில்லை. ஆகவே “நிங்கள் தமிழ்நாடு” என்று சொன்னவர் உங்களை விரட்டுவதற்காகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த பட்டியலில் நீங்கள் இல்லை.

இனித் தமிழ்நாட்டுப் பக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று நகல்களிலேயே விடை இருக்கிறது.

முதல் நகல் ரேஷன் அட்டை. அதில் அட்டை வகை என்.பி.ஹெச்.ஹெச்-எஸ் என்று இருக்கிறது. அந்தக் கடைசி ‘எஸ்’தான் விஷயம். அது சர்க்கரை அட்டை. “ரேஷன் அரிசி எங்களுக்கு ஒத்துக்கலை, சர்க்கரையாவது கூட வாங்கலாம்னு மாத்தினோம்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலில் கடையில் டோக்கன் போட்டுக் கையில் கொடுத்த 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்காரர்களுக்கு மட்டும். 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாங்கின. சர்க்கரை அட்டைக்கு ஒதுக்கீடே இல்லை. எனவே உங்கள் பங்கை யாரும் எடுத்திருக்க முடியாது. உங்கள் பேரில் பங்கே வரவில்லை. கடைக்காரர் மேல் இருக்கும் சந்தேகத்தை விட்டுவிடலாம். 2020 டிசம்பர் 5 முதல் 20 வரை சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தது. அதைச் செய்திருந்தால் 2021இல் வந்த 4,000 ரூபாய் உங்களுக்கும் வந்திருக்கும். அப்போது நீங்கள் மலையில் காய் எடுத்துக்கொண்டிருந்தீர்கள், யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது நகல் வங்கிப் பாஸ்புக். நூறு நாள் வேலைக்காகத் திறந்த கணக்கு, தொடங்கிய தேதி 2011. ஜன்தன் திட்டமே 2014 ஆகஸ்டில்தான் வந்தது. பூஜ்ய இருப்பில் திறந்த கணக்கெல்லாம் ஜன்தன் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, அப்படி இல்லை. வங்கி பிற்பாடு அதை ஜன்தன் வகைக்கு மாற்றியிருந்தால்தான் உண்டு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் போனது, பெண்கள் பெயரிலிருந்த ஜன்தன் கணக்குகளுக்கு மட்டும். கிளையில் “இது எந்தத் திட்டக் கணக்கு?” என்று கேட்டால் கணினியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒருவேளை ஜன்தன்தான் என்றால், அந்த மூன்று மாதப் பக்கங்களைப் பதிந்து வாங்கிப் பாருங்கள். ஏப்ரலில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி 3ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை பிரித்துப் பிரித்து வரவு வைத்தார்கள். வந்து கிடந்து, மற்ற வரவுகளோடு சேர்ந்து கண்ணில் படாமல் போனவர்களும் உண்டு.

மூன்றாவது நகல்தான் எனக்கு வருத்தம் தந்தது. கணவரின் ‘கார்டு’. அட்டையின் தலைப்பில் சங்கத்தின் பெயர், பதிவு எண், கீழே மாதச் சந்தா கட்டம், 2014 முதல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து. ஒழுங்காகச் சந்தா கட்டியிருக்கிறார். ஆனால் இது தொழிற்சங்க உறுப்பினர் அட்டை. நலவாரிய அட்டை வேறு. அதில் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் என்று இருக்கும், வாரியப் பதிவு எண் இருக்கும், எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். சங்கம் பதிந்து கொடுத்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். மேஸ்திரி பதிந்திருப்பார் என்று சங்கத்தார் நினைத்திருக்கலாம். வாரியப் பதிவேட்டில் பெயர் ஏறவே இல்லை. ஊரடங்கு உதவி வாரியப் பதிவேட்டின்படி போனது.

வழக்கு? உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அரசு தன் ஆணையால் ஒரு வரையறை வைத்துக் கொடுத்த உதவி அது. அந்த வரையறைக்குள் நீங்கள் வரவில்லை. திட்டமும் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்’ என்ற முதல் கேள்வியிலேயே மனு தடுமாறும்.

“ஊரடங்கில் முதலாளி சம்பளம் கொடுக்கணும்னு மத்திய அரசு சொல்லிச்சே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரிதான். 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் அப்படி ஆணை போட்டது; மே 18 முதல் அது இல்லாமல் போனது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜூன் 12 அன்று நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தொழிலாளர் துறை உதவட்டும், முதலாளி மேல் கட்டாய நடவடிக்கை இப்போதைக்கு வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. அன்றைய சட்டப்படி குறைந்தபட்சக் கூலிக்கு 6 மாதத்துக்குள்ளும், பாக்கிச் சம்பளத்துக்கு 12 மாதத்துக்குள்ளும் மனுக் கொடுக்க வேண்டும். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. அதையும் சேர்த்துக் கூட்டினாலும் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. இனிமேல் கூலி பாக்கி வைத்தால் கதை வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இ-ஷ்ரம் அட்டையும் 300 ரூபாயும்

அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். கைரேகை வைக்கவே வைக்காதீர்கள்.

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களின் தேசியப் பதிவேடு. ஊரடங்கில் நடந்துபோன தொழிலாளர்கள் பற்றித் தானாக எடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தபோது, அந்தப் பதிவேட்டைச் சீக்கிரம் தொடங்கச் சொன்னது. ஆகஸ்ட் 26 அன்று தொடங்கினார்கள். அதாவது உங்களைப் போல விடுபட்டவர்கள் இருந்ததால்தான் அப்படி ஒன்று வந்தது. ஆனால் அது பழைய பாக்கியைக் கொடுக்கும் திட்டம் இல்லை. அட்டை எடுத்ததும் பணம் வரும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது? 2022 தொடக்கத்தில் உத்தரப் பிரதேச அரசு தன் மாநிலத்தில் பதிந்தவர்களுக்கு 1,000 ரூபாய் போட்டது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் மாநிலம் மாநிலமாகச் சுற்றி, நம் ஊருக்கு வரும்போது ‘எல்லாருக்கும் வரும்’ என்று ஆகிவிட்டது.

பதிவு இலவசம். 16 முதல் 59 வயதுவரை பதியலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும். ஆதாரில் செல்பேசி எண் இணைந்திருந்தால் நீங்களே பதியலாம், இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பதிவார்கள். அங்கே வைக்கும் கைரேகைக்கும், தெருவில் ஒருவர் நீட்டும் கருவியில் வைக்கும் கைரேகைக்கும் வித்தியாசம் உண்டு. ஆதார் இணைந்த கணக்கிலிருந்து கைரேகையை வைத்தே பணம் எடுக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். பணம் குறைந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். இ-ஷ்ரம் சந்தேகங்களுக்கு 14434.

ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பி.எஃப். உறுப்பினர்கள் இ-ஷ்ரமில் பதிய முடியாது. “முன்னே ஒரு காலத்தில் பி.எஃப். பிடிக்கிறதா கங்காணி சொன்னார், நம்பர் தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதலில் அதைத் துப்புத் துலக்குங்கள். ஏலத்தோட்டங்களுக்கு பி.எஃப். சட்டம் பொருந்தும். தோட்ட அலுவலகத்தில் உங்கள் யூ.ஏ.என்., அதாவது பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். தராவிட்டால் ஆதார் நகலோடு, தோட்டத்தின் பெயரைச் சொல்லி, பி.எஃப். அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான்: ஆதாரில் ஒரு எழுத்து, தோட்டத்தில் மலையாளத்தில் கேட்டு எழுதிய இன்னொரு எழுத்து, அப்பா பெயர் இருக்கும் இடத்தில் கணவர் பெயர். கணக்கு இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும், கோபம் வரும்: ஊரடங்கில் மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டாமல் எடுக்க 2020 மார்ச் கடைசியில் விதி வந்தது, 2024 ஜூன் மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். போனால் போகட்டும்; இருப்பு உங்களுடையதுதான்.

‘மாதம் 3,000 ரூபாய் பென்ஷன்’ என்று இன்னொரு தாளும் நீட்டுவார்கள். மத்திய அரசின் அந்தத் திட்டத்தில் சேரும் வயது 18 முதல் 40 வரை. உங்களுக்கு 47.

‘புது ஆள்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

உங்கள் நான்கு பக்கத்தில் இதற்கு ஒதுக்கியது இரண்டே வரி. நான் இங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். விடுபட்ட உதவியெல்லாம் கூட்டினாலும் ஏழெட்டாயிரம் ரூபாய். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த ஒற்றைச் சொல் அதைப்போலப் பல மடங்கைக் கொண்டுபோய்விடும்.

பணிக்கொடை, அதாவது கிராச்சுவிட்டி, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் ஓய்வு பெறும்போதோ, வேலையை விடும்போதோ, வருடத்துக்கு 15 நாள் கூலி. தினக் கூலி 450 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு 6,750. 18 வருடத்துக்கு 1,21,500 ரூபாய். 2020 கடைசியிலிருந்து ‘புது ஆள்’ என்று எழுதிவிட்டால், அதற்கு முந்தைய வருடங்கள் அத்தனையும் கரைந்துவிடும்.

சட்டம் அவர் சொல்வதுபோல இல்லை. தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றிருந்தால் அது சர்வீஸ் முறிவு ஆகாது. நோய், விபத்து, விடுப்பு, வேலை இல்லையென்று முதலாளி தற்காலிகமாக நிறுத்திவைக்கும் லே-ஆஃப் எல்லாமே தொடர் பணியில்தான் சேரும். 2020 ஏப்ரலில் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் சாவடியை அடைத்தது நீங்கள் இல்லை. மற்ற ஆண்டுகளில் வருடத்துக்கு 240 நாள் வேலை இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். வருடம் முழுக்கப் போகிறவருக்கு அது தடையாக இருக்காது.

“ஜீப்புக்காரங்க கொண்டு வர்ற ஆளுங்க, தோட்டத்து ஆள் இல்லை” என்று அடுத்த வாதம் வரும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, நேரடியாக வேலைக்கு வைத்தாலும் இடையில் ஓர் ஆளை வைத்து எடுத்தாலும் அவரைத் தொழிலாளி என்றே சொல்கிறது. அந்தச் சட்டம் பொருந்த, தோட்டம் 5 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 12 ஏக்கர் 35 சென்ட் இருக்க வேண்டும், 15 பேராவது வேலை செய்ய வேண்டும். உங்கள் தோட்டம் 80 ஏக்கர், மூன்று ஜீப் ஆள் என்கிறீர்கள், தாராளமாகப் பொருந்தும். சின்னச் சின்னப் பட்டாவாகப் பிரித்துக் காட்டுவார்கள் என்பது உண்மைதான். யார் கூலி தருகிறார், காய் எந்த ஸ்டோருக்குப் போகிறது என்பதை வைத்து அதை எதிர்கொள்ளலாம். இந்தச் சட்டங்கள் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் போய்விட்டன; பணிக்கொடை உரிமை அங்கேயும் இருக்கிறது.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். நீங்கள் இன்னும் அங்கே வேலையில் இருப்பது பெரிய வசதி. வெளியே வந்தபிறகு கேட்டால் ‘யார் நீ’ என்பார்கள். சத்தமில்லாமல் சேர்க்க வேண்டியவை:

– வாரக் கூலிச் சீட்டு எது கிடைத்தாலும். பழைய துண்டுச் சீட்டில் தேதியும் தோட்ட முத்திரையும் இருந்தால் தங்கம்.

– கங்காணி நோட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்களின் போட்டோ. 2020க்கு முந்தைய நோட்டு ஒன்றாவது அவர் வீட்டில் கிடக்கும், பதமாகக் கேளுங்கள்.

– கூலியைக் கணக்கில் வாங்கத் தொடங்குங்கள். கூகுள் பே மூலமாகவாவது. மாதாமாதம் தோட்டத்துக்காரர் பெயரிலிருந்து வரும் வரவைவிட நல்ல சாட்சி இல்லை.

– போனஸ், கம்பளி, மழைக்கோட்டு கொடுத்தபோது கையெழுத்து வாங்கியிருந்தால் எந்த வருடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டை அதிகாரி வரவழைக்க முடியும்.

– உங்களோடு 2006, 2007 முதல் வருகிற இரண்டு மூன்று பெண்களின் பெயர். பிற்பாடு ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லலாம்.

வெள்ளைத் தாளிலோ, மலையாளத்தில் எழுதிய படிவத்திலோ கையெழுத்துக் கேட்டால், வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ‘கணக்குத் தீர்த்துக்கொண்டேன், புதிதாகச் சேருகிறேன்’ என்று அதில் இருக்கலாம். இது பற்றிய மனு இடுக்கி மாவட்டத்துத் தோட்டத் தொழில் ஆய்வாளருக்கும் அங்குள்ள தொழிலாளர் துறைக்கும்தான் போக வேண்டும். தேனி தொழிலாளர் அலுவலகத்துக்கு அந்தத் தோட்டத்தின் மேல் அதிகாரமில்லை. தமிழில் எழுதி, ஒரு பக்க மலையாளச் சுருக்கம் வைத்துக் கொடுத்தால் வேலை நகரும். இன்றைக்கே போய்க் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மனுக் கொடுத்த மறுநாள் ஜீப்பில் இடமில்லை என்று சொல்லிவிடக்கூடும். ஆதாரம் சேர்ந்ததும், தனியாக இல்லாமல் ஏழெட்டுப் பேராகக் கொடுப்பது நல்லது.

இப்போது பெயரை ஏற்ற வேண்டிய இடங்கள்

கணவரைக் கட்டுமான வாரியத்தில் பதியுங்கள். 18 முதல் 60 வயதுவரை, கடந்த 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். பெயிண்டிங் அதில் சேரும். நலவாரிய இணையதளத்தில் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ, பணிச்சான்று ஏற்ற வேண்டும்; கட்டணம் இல்லை. அந்தச் சங்க அட்டை வீணாகாது, பணிச்சான்று வாங்க அதே சங்கத்தை நாடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியை அட்டையின் பின்புறம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பேருந்து ஓட்டுநர் உரிமம் காலாவதியாவதுபோல இதுவும் சத்தமில்லாமல் காலாவதியாகும். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கும் இதே பதிவுதான் வழி.

நீங்கள் விவசாயத் தொழிலாளி. உங்களுக்கு இந்த வாரியம் இல்லை. வருவாய்த் துறை பார்க்கும் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ‘கேரளாவில்தானே வேலை’ என்று தட்டிக்கழித்தால், குடியிருப்பும் ரேஷன் அட்டையும் இங்கேதான் என்று காட்டுங்கள்.

ரேஷன் அட்டையை அரிசி அட்டையாக மாற்ற வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஆனால் கேரளத்துப் பூப்பாறை ரேஷன் கடையில் உங்கள் அட்டைக்கு அரிசி தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வருத்தம் அதனால் தீராது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைகளுக்கு மட்டும், அதாவது அட்டையில் பி.ஹெச்.ஹெச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது அந்த்யோதயா என்று இருக்க வேண்டும். என்.பி.ஹெச்.ஹெச். அரிசி அட்டை தமிழ்நாட்டு அரசு தன் செலவில் நடத்துவது, போடிமெட்டைத் தாண்டினால் செல்லாது.

இன்னொன்று. ஆதார் வழி மானியம் எந்தக் கணக்குக்குப் போகும் என்றால், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்கு. சிம் வாங்கும்போது விரல் வைத்ததில் ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்து, சிலிண்டர் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. உங்கள் கிளையில் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசி வரியில் எழுதியது

கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஒன்று உண்டு. மற்றவையெல்லாம் அரசு பார்த்துக் கொடுத்த உதவி. இது உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது. 2021 ஜூன் 30 தீர்ப்பு, அதன்பேரில் வந்த வழிகாட்டுதல், அக்டோபர் 4 அன்று அதற்கு ஒப்புதல். உங்கள் ஓரகத்தி விண்ணப்பிக்கவே இல்லை என்கிறீர்கள். “சர்டிபிகேட்டில் மூச்சுத்திணறல்னு போட்டிருக்கு, அதனால கிடைக்காதுன்னு சொன்னாங்க” என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் சொன்னது தவறு. இறப்புச் சான்றில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனையில் தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் அது கொரோனா மரணம்தான்.

சிக்கல் காலக்கெடு. 2022 மார்ச் 20க்கு முன் நடந்த இறப்புகளுக்கு மார்ச் 24இலிருந்து 60 நாள் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. ஆனால் மிகுந்த கஷ்டத்தால் விண்ணப்பிக்க முடியாமல் போனவர்கள் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் போகலாம், குழு ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து முடிவு செய்யலாம் என்று அதே உத்தரவில் இருக்கிறது. உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

வேண்டியவை: பரிசோதனை முடிவு, மருத்துவமனைக் குறிப்பு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஓரகத்தியின் ஆதாரும் வங்கிப் புத்தகமும். பரிசோதனைத் தாள் தொலைந்துவிட்டது என்கிறீர்கள். அட்மிட் ஆன அரசு மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் பெயரும் சேர்த்த தேதியும் போதும். தரவில்லை என்றால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை ஒரு பக்கத்தில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: சான்றில் காரணம் வேறாக இருந்ததால் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார்கள், கைம்பெண், கைக்குழந்தை, ஊரடங்கு, படிப்பில்லை. அலங்காரம் வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குங்கள். அதே வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டு, பையனையும் பதியச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவரைக் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது, இந்தப் பையன் அதில் விடுபட்டானா என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். குறைதீர்ப்புக் குழு மனுவுக்குத் தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தோட்டத்து விஷயத்துக்கு இடுக்கி மாவட்டத்துடையது. முதல் திங்கட்கிழமை ஓரகத்தியோடு நீங்களும் போங்கள்; அன்றைக்கு ஒரு நாள் கூலி போகும். போகும்போது அந்த மருத்துவமனைச் சீட்டு எதுவாக இருந்தாலும், கசங்கிய மருந்துச் சீட்டானாலும், வீட்டுப் பெட்டியில் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.